ஸுஹ்ராபின் நூலும் கணினியின் கட்டவலையும்

நிலம்சார் தகவல்களைப் படமாக்கும் கணினி மென்பொருள்கள் இன்று ஆய்வாளர்க்கும் பொதுமக்களுக்கும் ஒருங்கே எட்டும் நிலையில் உள்ளன. 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, விலையின்றியே வழங்கப்பெறும் கியூஜிஐஎஸ் அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. நம் கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள், அடக்கத்தலங்கள், கல்வெட்டுகள், உருமாறிப்போன துறைமுகத் தெருக்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய முற்படுவோர் இத்தகைய மென்பொருளைத்தான் பெரும்பாலும் கையில் எடுக்கின்றனர். அப்பணியில் தொடக்கத்திலேயே செய்ய வேண்டுவது, ஆய்வுப் பரப்பின்மீது குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை ஓட்டி ஒரு கட்டவலையை விரிப்பதாகும். அவ்வாறு விரிக்கப் புகுமுன் மென்பொருள் நம்மிடம் சில செய்திகளைக் கேட்கிறது. வலை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்? ஒரு கட்டத்தின் அகலமும் உயரமும் எவ்வளவு? எந்த ஆள்கூற்று முறையில், பூமியின் எந்த வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வளவுகளைச் சொல்கிறோம்?

பலரும் இக்கேள்விகளை வெறும் சடங்காகக் கருதி, மென்பொருள் தானே நிரப்பித்தரும் விடைகளை அப்படியே ஏற்று மேற்செல்வர். இதனால் விளையும் பிழைகளுட் சில உடனே வெளிப்பட்டுவிடும். ஆயிரம் மீட்டர் இடைவெளி வேண்டுமென்று எண்ணி 1000 என எழுதுகிறோம். மென்பொருளோ பாகைக் கணக்கில் நின்றுகொண்டிருக்கிறது. பூமியின் முழுச் சுற்றே 360 பாகைதான் என்கையில், உலகினும் பெரிய ஒரே ஒரு கட்டம் திரையில் தோன்றும். இத்தகைய பிழையால் கேடில்லை; கண்டவுடன் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்குப் புலப்படாத பிழைகளே கவலைக்குரியன. கோடுகள் செம்மையாக ஓடும்; ஊர்களும் ஏறக்குறைய உரிய இடத்தில் அமர்ந்திருக்கும்; ஆயினும் அப்படத்தைக் கொண்டு நாம் எடுக்கும் முடிவு தவறாயிருக்கும்.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கைப்பேசியின் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, 'நம் முன்னோர் கட்டிய பள்ளிவாசலின் கிப்லா பிழை' என்று தீர்ப்புரைக்கும் வழக்கம் அண்மைக்காலத்தில் பல ஊர்களிலும் காணப்படுகிறது. அளந்த கருவி எந்த முறையில் கணக்கிடுகிறது, முன்னோர் எந்த முறையில் கணக்கிட்டிருக்கக்கூடும் என்னும் இரண்டையும் ஆராயாமல் இத்தீர்ப்பு வழங்கப்படுகிறது. மென்பொருள் இன்று கேட்கும் கேள்விகள் யாவும் இஸ்லாமிய நாகரிகத்தின் நிலவியல் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, விடைகண்டு, விடைகளுக்கிடையே முரண்பட்டு, அம்முரண்பாட்டையும் எழுதிவைத்துச் சென்றவையாகும். அவர்தம் நூல்களின் துணையோடு அக்கேள்விகளை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டவலை அமைக்கும் செய்முறையைப் படிப்படியாக விளக்கும் அரபு நூல் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஸுஹ்ராப் என்பார் எழுதிய, ஏழு இக்லீம்களின் அற்புதங்கள் பற்றிய நூல் அது. பக்தாதின் கால்வாய்களைப் பற்றிய குறிப்புகளுக்காகவே வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் நாடுவர். அதன் தொடக்கப் பகுதியை அத்துணை ஊன்றிப் படிப்பதில்லை. உலகப் படம் வரைய விரும்புவோன் செய்ய வேண்டியதை ஸுஹ்ராப் அப்பகுதியில் கூறுகிறார். முதலில் ஒரு நீள்சதுரம் வரைக. அதன் விளிம்புகளைப் பாகைகளாகப் பகுத்து எண்ணிடுக. பின்னர் இருமுனையிலும் பளுக் கட்டிய நூல் ஒன்றைத் தீர்க்கரேகைக்கும், மற்றொன்றை அட்சரேகைக்குமாகப் படத்தின்மீது நீட்டுக. பட்டியலில் கண்ட எண்களுக்கு நேராக நூல்களை நகர்த்தி, அவை ஒன்றையொன்று வெட்டும் புள்ளியில் ஊரைக் குறிக்க என்பது அவர் காட்டும் வழி. கோடுகளை நிலையாக வரைந்து படத்தை நிரப்பாமல், வேண்டும்போது நகர்த்திக்கொள்ளும் நூல்களால் வேலையை முடிக்கிறார். கணினித் திரையில் சுட்டியை நகர்த்த, அதனுடன் சேர்ந்து இரு கோடுகளும் ஆள்கூற்று எண்களும் நகர்வதைக் கண்டவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

ஸுஹ்ராப் எடுத்தாண்ட எண்களின் மூலம் அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டது. அப்பாஸிய கலீஃபா மஃமூனின் காலத்தில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, கி.பி. 833ஆம் ஆண்டளவில் 'கிதாபு ஸூரத்தில் அர்ழ்' என்னும் நூலை நிறைவு செய்தார். ஊர்கள், மலைகள், கடற்கரைகள், தீவுகள், ஆறுகள் என 2402 இடங்களின் தீர்க்கரேகையும் அட்சரேகையும் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அந்நூலின் ஒரே கையெழுத்துப்படி, ஹிஜ்ரி 428இல், அதாவது கி.பி. 1037இல் படியெடுக்கப்பட்டது, பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பாதுகாக்கப்படுகிறது. படத்தை வரைந்து தராமல், படம் வரைதற்குரிய எண்களைத் தரும் நூல் இது. படியெடுப்போரின் கைபட்டுப் படங்கள் நூற்றாண்டுதோறும் சிதைந்துபோகும். எண்கள் அத்துணை எளிதில் சிதைவதில்லை. இக்காலத்தார் 'தரவு' எனவும் 'படம்' எனவும் பிரித்துப் பேசுகிறார்களே, அப்பிரிவினை அல்-குவாரிஸ்மியின் நூலிலேயே தெளிவாக இருக்கிறது.

கிரேக்கப் புவியியலாளரான தாலமியின் நூலை அவர் ஆதாரமாகக் கொண்டது உண்மையே. ஆனால் அப்படியே பெயர்த்து எழுதவில்லை. மத்தியதரைக் கடலின் கிழக்கு மேற்கு நீளத்தைத் தாலமி 62 பாகை அளவினதாகக் கொண்டார். அல்-குவாரிஸ்மி அதனை 50 பாகை அளவிற்குக் குறைத்தார். உண்மையளவு 42 பாகைக்குச் சற்றுக் குறைவு. கடலொன்றின் நீளத்தில் முற்பட்ட பிழையின் பாதிக்கு மேல் ஒரே தலைமுறையில் களையப்பட்டது என்பது சிறு செய்தியன்று.

இனி, சுழியம் எங்கே என்னும் கேள்விக்கு வருவோம். அட்சரேகையைப் பொறுத்தவரை இக்கேள்வியே எழாது. பூமத்தியரேகையை இயற்கையே வகுத்துத் தந்துவிட்டது. தீர்க்கரேகைக்கு அப்படி ஓர் இயற்கைத் தொடக்கம் இல்லை. தாலமி மேற்கு மாக்கடலில், இன்றைய கேனரித் தீவுகளின் பகுதியிலிருந்து எண்ணினார். அரபியர் அவற்றை 'அல்-ஜஸாஇருல் காலிதாத்' என்றனர். வேறு சிலர் தீவுகளை விட்டு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து எண்ணினர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு 10 பாகை எனக் கொள்ளப்பட்டது. ஆகவே ஒரே ஊருக்கு இரண்டு எண்கள் வழங்கலாயின. அல்-குவாரிஸ்மியின் பட்டியலில் மக்காவின் தீர்க்கரேகை 67 பாகை, பக்தாதின் தீர்க்கரேகை 70 பாகை. பிற்காலத்தில் நஸீருத்தீன் தூஸீ, உலூக் பேக் ஆகியோரின் வானியல் பட்டியல்களில் மக்கா 77 பாகை 10 கலை, பக்தாத் 80 பாகை.

இவற்றுள் எதுவும் பிழையன்று. ஒவ்வொரு பட்டியலும் தன்னளவில் பொருந்தியே நிற்கிறது. மக்காவுக்கும் பக்தாதுக்கும் இடையேயான வேறுபாடு இரண்டிலும் ஏறத்தாழ 3 பாகைதான். அதன்படி கணக்கிட்டால் பக்தாதின் கிப்லா, தெற்கிலிருந்து மேற்காகச் சுமார் 13 பாகை சாய்ந்து நிற்கும். ஆனால் பக்தாதை ஒரு பட்டியலிலிருந்தும் மக்காவை மற்றொரு பட்டியலிலிருந்தும் எடுத்துக் கலந்துவிட்டால் வேறுபாடு 13 பாகையாகிவிடும். கிப்லாவும் தெற்கிலிருந்து 47 பாகைக்குச் சாய்ந்துவிடும். தொழுவோனின் முகத்தைத் தென்மேற்கு மூலைக்கே திருப்பிவிடும் பிழை இது. இத்தனைக்கும் எடுத்தாண்ட எண்களுள் ஒன்றுகூடத் தவறானதன்று!

இவ்வபாயத்தை நன்குணர்ந்தவர் ஹமா நகரின் அரசராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய அபுல் ஃபிதா. அவர் கி.பி. 1321இல் முடித்த 'தக்வீமுல் புல்தான்' என்னும் நூலில், ஊர்தோறும் தீர்க்கரேகை, அட்சரேகை எண்களைத் தருவதோடு நில்லாமல், அவ்வெண் எந்நூலிலிருந்து பெறப்பட்டது என்பதற்குத் தனியே ஓர் இடம் ஒதுக்கினார். நூல்கள் தம்முள் மாறுபடும் இடங்களில் அவற்றின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தந்தார். தமக்குள் சமரசம் செய்துகொண்டு ஒன்றை மட்டும் நிறுத்திவிடவில்லை. தீவுகளிலிருந்து எண்ணுவோர்க்கும் கரையிலிருந்து எண்ணுவோர்க்கும் உள்ள 10 பாகை வேறுபாட்டையும் விளக்கினார். இன்றைய மென்பொருள்களில் ஒவ்வொரு தரவுக் கோப்புடனும் அதன் மூலம், முறை, ஆதாரம் ஆகியவற்றைக் கூறும் குறிப்பொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. அவ்விதி பெரும்பாலும் மீறப்படுகிறது என்பதை இத்துறையில் பணியாற்றியோர் அறிவர். அபுல் ஃபிதாவின் பட்டியல் இவ்வகையில் இன்றைய கோப்புகள் பலவற்றினும் ஒழுங்குடையது என்று கூறுவது மிகையாகாது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சிறிது காண வேண்டும். தீர்க்கரேகையை அளப்பது கடினம்; இரண்டு ஊர்களில் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் நோக்கி, இரு ஊர்களின் உள்ளூர் நேரங்களை ஒப்பிட வேண்டும். அல்-பீரூனி தம் இருபத்து நான்காம் வயதில், கி.பி. 997இல், குவாரஸ்மின் காஸ் நகரிலிருந்து ஒரு சந்திர கிரகணத்தை நோக்கினார். அதே கிரகணத்தைப் பக்தாதில் அபுல் வஃபா நோக்கினார். இருவரும் முன்னரே பேசிவைத்துச் செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் கஸ்னாவில் தங்கியிருந்தபோது, அந்நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காண விரும்பிய அல்-பீரூனி வேறொரு வழியை நாடினார். கி.பி. 1025இல் நிறைவுற்ற 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூல் முழுவதும் அம்முயற்சியின் பதிவாகும். பக்தாதிலிருந்து கஸ்னா வரை இடைப்பட்ட நகரங்களைச் சங்கிலி போல் தொடுத்து, வணிகச் சாத்துகள் செல்லும் வழித்தொலைவுகளை ஃபர்ஸக் கணக்கில் திரட்டி, பாதையின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, ஒவ்வோர் ஊரின் அட்சரேகையையும் சேர்த்து, தீர்க்கரேகை வேறுபாடுகளைக் கணித்தார். ஒரே வழியில் கிடைத்த விடையை நம்பாமல் வெவ்வேறு சங்கிலிகளின்வழி மீண்டும் மீண்டும் வந்தடைந்தார். பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே அவர் கண்ட அளவில் பிழை அரைப் பாகைக்கும் குறைவு. கடிகாரமும் தொலைநோக்கியும் இல்லாத காலம் என்பதை எண்ணும்போதுதான் இதன் பெருமை விளங்கும்.

சுழியத்தின் சிக்கல் இடைக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. அதன் அண்மைக்கால வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய பணி, இந்தியப் பெருமுக்கோண அளவையாக வளர்ந்தது. அவ்வளவையின் தீர்க்கரேகைகள் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தை ஆதாரமாகக் கொண்டவை. வானாய்வகம் கிரீன்விச்சிலிருந்து எத்தனை பாகை கிழக்கே உள்ளது என்னும் எண்ணே காலந்தோறும் திருத்தப்பட்டுவந்தது. இறுதியில் 80 பாகை 14 கலை 47 விகலை என நிலைபெற்றபோது, முன்னர் அச்சான படங்களின் தீர்க்கரேகைகள் யாவும் ஏறத்தாழ இரண்டரைக் கலை மிகுந்திருந்தமை தெரியவந்தது. சென்னைப் பகுதியில் இது நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. எனவே பழைய படங்களின் விளிம்பில் இத்திருத்தத்தைக் கூறும் குறிப்பு அச்சிடப்பட்டது. அத்தகைய படத்தை இன்று ஒளிநகல் எடுத்துக் கணினியிலிடுவோர் விளிம்பை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்வதைக் காண்கிறோம். திருத்தக் குறிப்பு அவ்விளிம்போடு போய்விடுகிறது.

இதனுடன் பூமியின் வடிவம் பற்றிய சிக்கலும் சேர்கிறது. பூமி முழுக்கோளமன்று, துருவங்களில் சற்றே தட்டையானது. அத்தட்டையின் அளவை ஒவ்வொரு நாட்டாரும் தம் நிலப்பரப்புக்குப் பொருந்துமாறு கொண்டனர். இந்திய அளவைப் படங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் உருவத்தை ஆதாரமாகக் கொண்டவை. செயற்கைக்கோள்வழி இடமறியும் கருவிகளோ 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. இவ்வாதாரத்தையே 'டேட்டம்' என்பர். ஒரே கிணற்றுக்கு இரு ஆதாரங்களின்படி எண்கள் எழுதினால், தமிழகப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் தோன்றும். ஊரளவில் இது பொருட்டன்று. ஆனால் ஓர் அடக்கத்தலம் இந்தத் தெருவிலா அடுத்த தெருவிலா, புறம்போக்கிலா வக்ஃபு நிலத்திலா என்னும் வழக்கில் நூறு மீட்டர் என்பது எல்லாமுமாகும். இந்திய அரசு 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையின்வழிப் பொதுப் பயன்பாட்டுப் படங்களைப் புதிய ஒழுங்கிற்கு மாற்றியது. பழைய படங்கள் பழைய ஆதாரத்திலேயே இருக்கின்றன. கிரீன்விச்சே இதற்கு விலக்கன்று. அங்குள்ள கோட்டின்மீது நின்று இடமறி கருவியைப் பார்ப்போர்க்கு, சுழியம் 102 மீட்டர் கிழக்கே தள்ளிக் கிடப்பது தெரியும்.

இதுகாறும் பாகைகளாலான வலையைப் பற்றியே பேசினோம். தொலைவுகளாலான வலை என்பது இதனின் வேறானது. அதற்கும் நெடிய வரலாறு உண்டு. சீனத்தின் ஷியான் நகரில் 1136ஆம் ஆண்டில் கல்லில் செதுக்கப்பட்ட படமொன்றில் ஒவ்வொரு சதுரமும் 100 லீ தொலைவைக் குறிக்கிறது. கி.பி. 1340இல் ஹம்துல்லாஹ் முஸ்தவ்ஃபீ பாரசீக மொழியில் எழுதிய 'நுஸ்ஹத்துல் குலூப்' நூலின் படத்தில் நிலப்பரப்பு ஒரு பாகைக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஊர்ப் பெயர்கள் அக்கட்டங்களுக்குள் எழுதப்பட்டுள்ளன. தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பதால், மங்கோலியர் காலத்தில் சீன முறை பாரசீகத்திற்கு வந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆனால் சீனக் கட்டத்தின் அளவு லீ. பாரசீகக் கட்டத்தின் அளவு பாகை. பாகைக் கட்டம் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒடுங்கும். நூற்றில் ஒரு பாகைப் பக்கமுடைய கட்டம் சென்னையில் கிழக்கு மேற்காக 1.08 கிலோமீட்டர் அகலமுடையது; அதுவே இஸ்தான்புல்லில் 0.84 கிலோமீட்டர்தான். கட்டத்திற்கு எத்தனை பள்ளிவாசல் என எண்ணி இரு நகரங்களையும் ஒப்பிடுவோர் இதனை மறந்தால், இஸ்தான்புல்லின் கணக்கு உள்ளதினும் குறைந்தே தோன்றும்.

மீட்டர்க் கட்டம் வேண்டுவோர்க்காக உலகம் 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. தமிழகத்தை 78 பாகைக் கோடு ஊடறுத்துச் செல்வதால், கோயம்புத்தூரும் திண்டுக்கல்லும் 43ஆம் மண்டலத்திலும் சென்னை, நாகூர், மதுரை முதலியன 44ஆம் மண்டலத்திலும் அடங்கும். கோயம்புத்தூரில் எடுத்த எண்களை 44ஆம் மண்டலமென்று தவறாக அறிவித்துவிட்டால், அவ்வூர்ப் பள்ளிவாசல்கள் அனைத்தும் வங்கக் கடலில் போய் நிற்கும். இதுவும் உலகினும் பெரிய கட்டத்தைப் போன்று கண்டவுடன் தெரியும் பிழையே.

கண்டவுடன் தெரியாத பிழை கிப்லாவில்தான் இருக்கிறது. ஸுஹ்ராப் கூறிய நீள்சதுர வலையையே இன்றைய மென்பொருளும் பாகைக் கணக்கில் நிற்கும்போது திரையில் விரிக்கிறது. அதில் நாகூரையும் மக்காவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, கோணத்தை அளந்தால், மேற்கிலிருந்து வடக்காக 15 பாகை வரும். கோளத்தின்மீது, மிகக் குறுகிய வழியாகிய பெருவட்டத்தின்படி கணக்கிட்டால் 20 பாகைக்குச் சற்று மேல் வரும். கைப்பேசி காட்டுவது இந்த இரண்டாவது அளவையே. வேறுபாடு ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவு.

தட்டையான வலையில் கணக்கிடுவது அறியாமையால் நேர்ந்த பிழை என யாரும் எண்ணலாகாது. கி.பி. 929இல் மறைந்த மாபெரும் வானியலாளர் அல்-பத்தானி தம் ஸீஜில் கற்பித்த எளிய கிப்லா முறை ஏறத்தாழ இதுவேயாகும். அட்சரேகை வேறுபாட்டை ஒரு பக்கத்திலும் தீர்க்கரேகை வேறுபாட்டை மறுபக்கத்திலும் ஒரு வட்டத்திற்குள் குறித்து, மையத்திலிருந்து கோடிழுக்கச் சொன்னார். மக்காவுக்கு அண்மையிலுள்ள ஊர்களுக்கு அது போதுமானது, கற்பிக்கவும் எளியது, ஆகவே நூற்றாண்டுகள் பல கடந்தும் வழக்கில் இருந்தது. அவருக்கு முன்பே ஹபஷ் அல்-ஹாஸிபும், பின்னர் அல்-பீரூனியும் இப்னுல் ஹைதமும் கோள வடிவத்திற்குரிய துல்லிய முறைகளை வகுத்திருந்தனர். இரண்டு முறைகளும் ஒரே காலத்தில் அறிஞரிடையே உலவின. ஓர் ஊர்ப் பள்ளிவாசல் கைப்பேசியின் அளவிலிருந்து ஐந்தாறு பாகை விலகி நிற்குமாயின், கட்டியோர் பிழைசெய்தனர் என்று முடிவுகட்டுமுன், அவ்விலகல் இவ்விரு முறைகளின் இடைவெளிக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது ஆய்வாளர் கடன். விண்மீன்களின் உதயம், பருவக்காற்று ஆகியவற்றைக் கொண்டு திசைகண்ட மரபுகளும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. கஅபாவின் கட்டடத்தையே நேராக நோக்குதல் வேண்டுமா, அதன் திசையை நோக்குதல் போதுமா என்னும் ஃபிக்ஹு விவாதம் தனியே விரிவாகக் காணத்தக்கது. அதற்குள் நாம் இங்குப் புகவில்லை.

தட்டைப் படத்திலும் கிப்லா சரியாக வருமாறு வலையையே மாற்றியமைத்தால் என்ன? இக்கேள்விக்கு விடையாக அமைந்த பித்தளைத் தகடு ஒன்று 1989ஆம் ஆண்டில் லண்டனில் ஏலத்திற்கு வந்தபோது ஆய்வுலகம் திகைத்தது. கி.பி. பதினேழாம் நூற்றாண்டின் ஸஃபவி ஈரானைச் சேர்ந்தது அது. 1995இல் அதையொத்த மற்றொன்றும் வெளிப்பட்டது. தகட்டின் நடுவே மக்கா. தீர்க்கரேகைகள் நேர்கோடுகளாக நிற்க, அட்சரேகைகள் வளைந்து செல்கின்றன. மையத்தில் சுழலும் அளவுகோலை ஓர் ஊரின்மீது வைத்தால், விளிம்பில் அவ்வூரின் கிப்லாக் கோணத்தையும் அளவுகோலில் மக்காவுக்குள்ள தொலைவையும் படிக்கலாம். ஊர்களின் வடிவமைதியும் நாடுகளின் தோற்றமும் பிறழ்ந்தாலும் பிறழட்டும், திசையும் தொலைவும் பிறழலாகா என்று தீர்மானித்து இழுத்த வலை அது. உருண்டையைத் தளத்தில் விரிக்கும் இத்தகைய முறைகளைக் கோட்டுச் சட்டம் என்பர். இதையொத்த நோக்குடைய கோட்டுச் சட்டம் ஒன்றை எகிப்திய அளவைத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் அயர்லாந்து கிரெய்க் 1909இல் வகுத்தார். மேற்கத்திய நூல்கள் அதனை 'மக்கா கோட்டுச் சட்டம்' எனக் குறிப்பதுண்டு. தகடுகளின் மூலக் கணிதம் ஸஃபவி காலத்திற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பது அவற்றை விரிவாக ஆராய்ந்த டேவிட் கிங் என்னும் அறிஞரின் கருத்து. அதனை ஏலாதாரும் உளர். நமக்கு அவர் கருத்தே பொருத்தமுடையதாகப் படுகிறது. கோள முறைகளும் பட்டியல்களும் பீரூனியின் காலத்திலேயே முதிர்ந்துவிட்டன அல்லவா?

எஞ்சி நிற்பது வலையின் எல்லை பற்றிய கேள்வி. கட்டவலை என்பது கோடுகளாக மட்டுமே இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் ஒரு மதிப்பை எழுதிவைத்தால் அதுவும் ஒருவகை வலையே. கணினித் துறையினர் அதனை ராஸ்டர் என்பர். மழையளவு, நில உயரம், மக்கள்தொகை ஆகியன இவ்வாறே சேமிக்கப்படுகின்றன. பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் முவக்கித்தாக, அதாவது தொழுகை நேரங்களைக் கணிக்கும் பொறுப்பில் இருந்த ஷம்ஸுத்தீன் அல்-கலீலீ இத்தகைய வலையொன்றைக் கையால் கணித்து அமைத்தார். அட்சரேகை 10 பாகை முதல் 56 பாகை வரை ஒவ்வொரு பாகைக்கும், திமிஷ்கின் அட்சரேகைக்குத் தனியே ஒரு வரிசையும், மக்காவிலிருந்து தீர்க்கரேகை வேறுபாடு 1 முதல் 60 வரை ஒவ்வொரு பாகைக்குமாக மொத்தம் 2880 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பாகை, கலை அளவில் கிப்லா. இக்காலத்தில் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தபோது பெரும்பாலான கட்டங்கள் முற்றும் சரியாகவோ, ஓரிரு கலை மட்டுமே பிழைபட்டோ இருந்தன. கோள முக்கோணக் கணிதம் அறியாத எளிய முஅத்தினும் தன் ஊரின் கட்டத்தைத் தேடி விடையைப் படித்துக்கொள்ளலாம். எல்லா ஊர்க்கும் பொதுவான, துல்லியமான விடையை இவ்வாறு எளியோர் கைக்கு எட்டச் செய்தது அவர் செய்த பெருந்தொண்டு என்போம்.

அல்-கலீலீயின் வலை வடக்கே இங்கிலாந்து, ரஷ்யா வரையிலும் நீள்கிறது. தெற்கே 10 பாகையில் நின்றுவிடுகிறது. நாகூர் 10 பாகை 49 கலையில் இருப்பதால் 11ஆம் பாகைக்குரிய வரிசையில் அதற்கு இடமுண்டு. கீழக்கரை 9 பாகை 14 கலையில் உள்ளது. காயல்பட்டினம் எட்டரைப் பாகையைச் சற்றே தாண்டியது. இலங்கையின் பேருவளை, காலி முதலிய பழைய முஸ்லிம் குடியிருப்புகள் இன்னும் தெற்கே ஆறு பாகைப் பகுதியில் உள்ளன. பாய்மரக் கப்பல்களில் அரபுலகத்தோடு நெருங்கிய தொடர்புகொண்டிருந்த இவ்வூர்கள் அனைத்தும் அவ்வலையின் கீழ் விளிம்புக்கு வெளியே நிற்கின்றன. கீழே நான்கைந்து வரிசைகளைச் சேர்ப்பது இன்று கணினிக்கு நொடிப்பொழுது வேலை. அல்-கலீலீயின் ஒழுங்கையே பின்பற்றி, இன்றைய அளவின்படி மக்காவின் அட்சரேகையை 21 பாகை 25 கலை எனக் கொண்டு நாம் கணக்கிட்டோம். காயல்பட்டினத்திற்கு மிக அணித்தான கட்டம், அட்சரேகை 9, தீர்க்கரேகை வேறுபாடு 38. அதில் எழுத வேண்டிய எண், வடக்கிலிருந்து மேற்காக 66 பாகை 47 கலை.